மருந்துக்கும் உண்டு மாஸ்டர் டேபிள்!

டேட்டாபேஸ் என்றதும் நமக்கு லேபில் போடும் மார்க் லிஸ்டும் சம்பளப் பட்டியலும்தான் ஞாபகத்துக்கு வரும். ‘இதைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறோம்?’ என்று கடைசி பெஞ்சில் முணுமுணுப்பவர்களுக்காகவே இக்கட்டுரை.

பதிவு ஏன்?

ஒரு கம்பெனி மருந்தை விற்க வேண்டுமானால், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் அனுமதி பெற வேண்டும். மூலப்பொருள், அளவு, தொழிற்சாலை, பரிசோதனை முடிவுகள், லேபிள் எல்லாம் அடங்கிய கட்டுக்கட்டான காகிதங்கள் வரும். நிபுணர்கள் ஆராய்ந்து பதிவு எண் தருவார்கள். பல நாடுகளில் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். மருந்துகள் ஆயிரக்கணக்கில் பெருகினால் பீரோ தாங்குமா?

அவசரம் வந்தால்?

2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் நிறுவனம் ‘வயாக்ஸ்’ என்ற வலி மாத்திரையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுவது தெரிந்ததே காரணம். ஆனால் அதிலுள்ள ரோஃபிகாக்சிப் இந்தியாவில் பல கம்பெனிகளின் வேறு வேறு பிராண்டுகளில் விற்பனையானது. அவ்வருடம் டிசம்பரில் இங்கும் தடை வந்தது.

இப்படி ஒரு தடை வரும்போது, அந்த மருந்தை யார் யார், எந்தெந்தப் பெயரில் விற்கிறார்கள் என்று அதிகாரிக்கு உடனே தெரிய வேண்டும். கம்பெனி வாரியாக ஃபைல் அடுக்கியிருந்தால் ஒவ்வொன்றாகப் பிரிச்சுப் பார்க்கணும்! கணிப்பொறியில் இருந்தால் ஒரே ஒரு கொயரிதான்.

ஒரே பெயர் வேண்டும்

நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்கர்கள் அசிட்டமினோஃபென் என்பார்கள். ஆளாளுக்கு ஒரு பெயரில் ஏற்றினால் தேடல் கோட்டை விடும். இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் சர்வதேசப் பொதுப்பெயர்களை நிர்ணயிக்கிறது. முதல் பட்டியல் 1953-இல் வந்தது. எனவே மூலப்பொருளுக்குத் தனி டேபிள், பிராண்டுக்குத் தனி டேபிள், நடுவே ஒரு கீ. நாம் படிக்கும் நார்மலைசேஷன்தாங்க இது!

‘சியாமெட்’

சொந்தமாக சாஃப்ட்வேர் எழுத வசதியில்லாத நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 1990-களில் ‘சியாமெட்’ என்ற மாதிரி அமைப்பை உருவாக்கித் தந்தது. கணிப்பொறிப் பதிவை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று 1998-இல் வழிகாட்டி நூலும் வெளியிட்டது. பின்னர் ‘ஃபார்மாடெக்ஸ்’ போன்றவை வந்தன. இந்தியாவில் மத்திய மருந்துத் தர நிர்ணய அமைப்பு 2015-இல் ‘சுகம்’ என்ற ஆன்லைன் தளத்தைத் தொடங்கியது.

பெட்டி வாங்கினால் போதுமா?

போதாது. முதலில் விண்ணப்பம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற நடைமுறை சீராக வேண்டும். குழப்பத்தை அப்படியே ஏற்றினால் குழப்பம் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்! பழைய ஃபைல்களைச் சரிபார்த்து ஏற்றுவதுதான் பெரிய வேலை. 5 மி.கி. என்பது 50 ஆகிவிட்டால் என்ன ஆகும்? தினசரி பேக்கப், கம்பெனி ரகசியங்களுக்குப் பாஸ்வேர்டு, ஒருவர் மாற்றலாகிப் போனாலும் தொடர்ந்து நடத்தப் பயிற்சி பெற்ற ஆட்கள், இவையும் அவசியம். மருந்து நல்லதா என்று தீர்மானிப்பது என்றும் நிபுணர்தான்; கணிப்பொறி அவருக்கு உதவியாளன்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை லேபில் ஒரு ஃபீல்டுக்கு வேலிடேஷன் எழுதச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு வரி, எங்கோ ஒரு நோயாளியின் கைக்குத் தவறான மாத்திரை போகாமல் தடுக்கலாம்!