ஆக்சிஜன் செறிவூட்டியின் வடிகட்டியைத் தூய்மையாக வைத்திருப்பது ஏன்?

நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள் சிலருக்கு, இல்லத்திலும் ஆக்சிஜன் செறிவூட்டியைப் பயன்படுத்துமாறு மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். இக்கருவிக்குள் ஆக்சிஜன் சேமித்து வைக்கப்படுவதில்லை. கம்ப்ரசர் எனப்படும் காற்றழுத்தி அறைக்காற்றை இழுத்து அழுத்தி, சியோலைட் மணிகள் நிறைந்த உருளைக்குள் செலுத்துகிறது. அழுத்தம் மிகும்போது அம்மணிகள் நைட்ரஜனைப் பற்றிக்கொள்கின்றன. அதனால் காற்றில் 21 விழுக்காடாக உள்ள ஆக்சிஜன், 90 விழுக்காட்டிற்கும் மேலாகச் செறிந்து வெளிவருகிறது.

வெளியேறும் காற்றின் அழுத்தத்தை உட்புகும் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது அழுத்த விகிதம். அழுத்தமானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்திற்கு மேற்பட்ட அளவை மட்டுமே. ஆகவே அதனுடன் ஏறத்தாழ 1 பாரைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். மானி 1.4 பார் காட்டினால் முழு அழுத்தம் 2.4 பார்; விகிதமும் 2.4 ஆகும்.

வடிகட்டியில் தூசி அடைத்து, உட்புகும் காற்றின் அழுத்தம் 0.8 பாராகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். அதே 2.4 பாரை எட்ட விகிதம் 3 ஆக உயர வேண்டும். விகிதம் உயர்ந்தால் காற்று மேலும் சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கையில் பம்பு சுடுவதும் காற்று அழுத்தப்படுவதால்தான். கருவி திணறும், இழுக்கும் காற்றின் அளவு குறையும், நாளடைவில் ஆக்சிஜனின் செறிவும் குறையக்கூடும். குழாயில் காற்று வருவதால் எல்லாம் சரியாக உள்ளதென்று குடும்பத்தார் எண்ணிவிடுவதே இதில் உள்ள ஆபத்து.

இராஜபாளையத்து நூற்பாலைகளை ஒட்டியோ, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தறி இயங்கும் இல்லங்களிலோ வசிப்போர் பஞ்சுத் தூசியைக் கருதி இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டுகிறோம்.

வாரம் ஒருமுறையேனும் கருவியை அணைத்து, வெளிப்புறப் பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி, நன்கு உலர்ந்த பின்னரே பொருத்துங்கள். வடிகட்டியின்றிக் கருவியை இயக்காதீர்கள். உட்புற வடிகட்டியை நீரில் கழுவாதீர்கள். அதனைப் பணியாளரே மாற்ற வேண்டும். கருவியைச் சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓரடி தள்ளி வையுங்கள். அடுப்பு, விளக்கு, பீடி ஆகியவற்றின் நெருப்பு அருகில் வரலாகாது.

எச்சரிக்கை ஒலி எழுந்தாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ மாற்று சிலிண்டருக்கு உடனே மாறுங்கள். மூச்சுத்திணறல் மிகுந்தால், மருத்துவர் குறித்த லிட்டர் அளவை நீங்களாகவே கூட்டாமல், நோயாளியைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.