சிறுநீரகக் கல் சிகிச்சை: கதிர்வீச்சைக் குறைக்க என்ன வழி?

சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் என்று மருத்துவர் சொன்னதும் பல வீடுகளில் எழும் கேள்வி இது: "ஆபரேஷன் நேரத்தில் எக்ஸ்ரே போட்டுக்கொண்டே இருப்பார்களாமே, உடம்புக்குக் கெடுதல் இல்லையா?" கேள்வி நியாயமானது. ஆனால் இந்தப் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. விவரம் தெரிந்தால் தேவையற்ற கதிர்வீச்சைத் தவிர்க்கலாம்.

எக்ஸ்ரே எதற்கு?

சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, லேசரால் கல்லை உடைப்பது ஒரு முறை. பெரிய கல்லாக இருந்தால் முதுகுப் பக்கம் சிறு துளையிட்டு எடுப்பார்கள். குழாயின் முனையில் கேமரா இருந்தாலும், உள்ளே செலுத்தும் கம்பியும் ஸ்டென்ட்டும் சரியான இடத்தில் உள்ளனவா என்று பார்க்க 'சி-ஆர்ம்' என்ற எக்ஸ்ரே கருவி உதவுகிறது. அது ஓயாமல் ஓடுவதில்லை. காலால் பெடலை மிதிக்கும்போது மட்டுமே கதிர் வரும்.

மருத்துவர்கள் குறைக்கும் விதம்

பெடலைச் சில நொடிகள் மட்டும் மிதிப்பது, கதிரைத் தொடர்ச்சியாக விடாமல் விட்டுவிட்டு அனுப்புவது, கடைசியாக எடுத்த படத்தைத் திரையில் நிறுத்திவைத்துப் பார்ப்பது, கதிர் விழும் பரப்பைச் சுருக்குவது ஆகியவை முக்கியமான வழிகள். முதுகில் துளையிடும்போது அல்ட்ராசவுண்டைத் துணையாகக் கொள்வோரும் உண்டு. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே இல்லை. மருத்துவரும் செவிலியரும் ஈயக் கவசம் அணிவது, நாள்தோறும் இந்த அறையிலேயே வேலை செய்வதால்தான். கதிர் வரும் இடத்திலிருந்து விலகி நிற்கும் தூரம் இரண்டு மடங்கானால், மேலே படும் அளவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

கணக்கு கூடுவது எங்கே?

மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கிறது. கல்லுக்காக எடுக்கும் வழக்கமான சி.டி. ஸ்கேன் ஒன்றில் சுமார் 10 மில்லிசீவர்ட் வரை சேரலாம். அப்படி நான்கு ஸ்கேன் எடுத்தால், ஏறத்தாழ 17 ஆண்டுகளில் இயற்கையாகக் கிடைப்பது சேர்ந்துவிடும். கல் ஒருமுறை வந்தவருக்குத் திரும்பவும் வருவது சகஜம். ஆகவே ஒரு ஆபரேஷனில் படும் கதிரை விட, ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை திரும்பத் திரும்ப எடுக்கும் ஸ்கேன்களையே அதிகம் கவனிக்க வேண்டும். சிறு வயதினருக்கு இது இன்னும் முக்கியம்.

நாம் செய்ய வேண்டியவை

• எல்லா ஸ்கேன் படங்களையும், சி.டி. தட்டுகளையும், அறிக்கைகளையும் ஒரே உறையில் தேதிவாரியாக வைத்திருங்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருவோர், அங்கே எடுத்த படங்களையும் மறக்காமல் கொண்டுவர வேண்டும்.

• "குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். அதில் அளவு பெரும்பாலும் 3 மில்லிசீவர்ட் அளவில் இருக்கும். உடல் பருமன் மிகுந்தவர்களுக்குப் படம் தெளிவாக வராமல் போகலாம். மருத்துவரே முடிவு செய்யட்டும்.

• சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனைக்கு அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேளுங்கள். யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும்.

• கர்ப்பமாக இருந்தாலோ, மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தாலோ, ஸ்கேனுக்கு முன்பே வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்டையே பார்ப்பார்கள்.

• ஸ்டென்ட் வைத்திருந்தால், அதை எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். மறந்து விட்டுவிட்டால் அதன் மேலேயே கல் படிந்து, மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் எக்ஸ்ரே என்றாகிவிடும்.

தாமதம் கூடாத நேரம்

விலாவலியுடன் குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றுவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி பரவினால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் சி.டி. தேவை என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கல் திரும்ப வராவிட்டால் ஸ்கேனும் வேண்டியதில்லை. மருத்துவர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவர்கள், நாளொன்றுக்கு 2.5 முதல் 3 லிட்டர் வரை பருகுங்கள். உப்பைக் குறையுங்கள். நோன்பு காலத்தில் இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் குடியுங்கள். கல் உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் ஆலோசித்துக்கொள்வது நல்லது.