மாரியும் கதவின் இடுக்கும்

மட்டக்களப்பிலே, பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் புதிதாக ஒரு வீடு கட்டினார். மண்டபத்திலிருந்து முற்றத்துக்கு இறங்கும் இடத்தில், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் பெரிய கண்ணாடிக் கதவொன்றை அமைத்தார். வெளிச்சமும் காற்றும் தாராளமாக வந்தன. ஐந்து மாரிகள் யாதொரு குறையுமின்றிக் கழிந்தன. ஆறாம் மாரியில், வாடைக்காற்றோடு மழை சாய்ந்து பெய்த ஓரிரவில், கதவின் அடியிலிருந்து நீர் கசிந்து மண்டபத்தில் பரவியது. மறுநாட் காலையில் ஆசிரியர் கதவை நுணுகி ஆராய்ந்தார். வெளிப்புறச் சட்டத்தின் அடியிலே சிறிய துளைகள் இரண்டு தென்பட்டன. நீர் இவற்றின் வழியாகவே நுழைகிறது என்று முடிவு செய்து, அவ்விரண்டையும் சிலிக்கோன் பசையால் நன்றாக அடைத்துவிட்டார். அடுத்த மழையில் கசிவு வெள்ளமாயிற்று. மண்டபத்தில் விரித்திருந்த பாய்கள் மிதந்தன. கதவு வேலை செய்யும் இளைஞர் ஒருவரை அழைத்துக் காட்டியபோது, அவர் குனிந்து பார்த்துவிட்டு, “சேர், தண்ணீர் வெளியே போகிற வழியை அல்லவா அடைத்துவிட்டீர்கள்!” என்றார்.

ஆசிரியர் செய்த பிழை நம்மில் எவரும் செய்யக்கூடியதே. எங்கே இடுக்கு உண்டோ அங்கே அடைத்தல் வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆயினும் கதவின் அமைப்பை அறிந்தவர், உட்புறத்திலே காற்றை அடைப்பர். வெளிப்புறத்திலே நீருக்கு வழி விடுவர். இவ்விரண்டையும் மாற்றிச் செய்தால் வீடு குளமாகும். இதன் காரணத்தையும், தேய்ந்த அடைப்புப் பட்டிகளை நாமே மாற்றிக்கொள்ளும் முறையையும் இங்கே விளக்கக் கருதுகிறோம்.

நம் முன்னோர் கட்டிய நாற்சார் வீட்டிலும் முற்றத்தை நோக்கிய கதவுகள் இருந்தன. ஆனால் அக்கதவுகளை மழை தொட்டதில்லை. தாழ இறங்கிய கூரையும் அகன்ற தாழ்வாரமும் சாரலைத் தூரத்திலேயே தடுத்தன; உயர்ந்த வாசற்படி நிலத்து நீரைத் தடுத்தது. இன்றைய வீடுகளிலோ தாழ்வாரம் குறுகிவிட்டது. பல வீடுகளில் அது இல்லவே இல்லை. காலை இடறுகிறது என்று வாசற்படியையும் தாழ்த்திவிட்டோம். முன்பு கூரையும் படியும் செய்த வேலை முழுவதையும் இன்று விரலளவு அகலமுள்ள ஓர் இறப்பர்ப் பட்டியும், ஒரு தூரிகைப் பட்டியும் செய்ய வேண்டியிருக்கிறது.

அவை தேய்ந்தால் விளையும் இழப்பு எவ்வளவு என்பதைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். 2.1 மீற்றர் உயரமும் 0.9 மீற்றர் அகலமும் உள்ள கதவொன்றின் சுற்றளவு 6 மீற்றர். அதைச் சுற்றிலும் 2 மில்லிமீற்றர் இடைவெளி ஏற்பட்டால், அதன் மொத்தப் பரப்பு 120 சதுர சென்றிமீற்றர் ஆகிறது. சுவரிலே பதினொரு சென்றிமீற்றர் சதுரமாக ஓர் ஓட்டையிட்டுத் திறந்து வைத்தமைக்கு இது சமம். அந்த ஓட்டை வழியே குளிரூட்டிய காற்று வெளியேறும். புழுதியும் நுளம்பும் எறும்பும் உள்ளே வரும்.

இனி, மழை நீர் எவ்வாறு நுழைகிறது என்று பார்ப்போம். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீற்றர் பரப்பின்மீது ஏறக்குறைய 24 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் அழுத்துகிறது. இந்த அழுக்கம் நீரை 24 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வல்லது. கதவு ஓடும் பள்ளத்திலே மழை நீர் எப்பொழுதும் சிறிது தேங்கும். அதன் ஒரு பக்கத்தில் வெளிக்காற்றின் அழுக்கம். மறுபக்கத்தில் வீட்டினுள்ளே அமைதி. இடையிலுள்ள இறப்பர் தேய்ந்திருந்தால், காற்று அவ்வழியே சீறிப் பாய்ந்து, தேங்கிய நீரையும் தன்னோடு மேலே தள்ளிக்கொண்டு வரும். பள்ளத்தின் உள்விளிம்பு தாழ்ந்திருந்தால், நீர் அதைத் தாண்டி மண்டபத்தில் விழும்.

உட்புறப் பட்டி இறுக்கமாக இருக்குமானால் நிகழ்வது வேறு. காற்று உள்ளே செல்ல வழியின்றிப் பள்ளத்தினுள் நிற்கும். வெளிச்சட்டத்தின் துளைகள் வழியாக வெளிக்காற்றும் பள்ளத்துக் காற்றும் ஒரே அழுக்கத்தை அடையும். தள்ளுவதற்கு விசை இல்லாதபோது, நீர் தன் எடையினாலேயே துளைகளின் வழியாக வெளியே வடிந்துவிடும். மழைத் தடுப்பின் இத்தத்துவத்தைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1963ஆம் ஆண்டிலே வெளியிட்ட கட்டடக்கலைக் குறிப்பொன்றில் தெளிவாக விளக்கியது. ஆசிரியர் வீட்டிலே கெட்டுப்போனது உட்புறத்து இறப்பர். அவர் அடைத்ததோ வெளிப்புறத்துத் துளை. எனவேதான் நோய் முற்றியது.

இறப்பர் ஏன் கெடுகிறது? இறப்பர் நமக்கு அந்நியமான பொருளன்று. 1876ஆம் ஆண்டிலே இலண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த கன்றுகள், கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்திலே நடப்பெற்றன. அங்கிருந்தே நாட்டின் இறப்பர்ச் செய்கை வளர்ந்தது. மரத்துப் பாலிலிருந்து பெறும் இயற்கை இறப்பர் நீட்சியில் நிகரற்றது. ஆயினும் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள ஓசோன் அப்பிணைப்புகளைத் தாக்கி அறுக்கிறது. வெயில் அதற்குத் துணை செய்கிறது. ஆகவே வெயிலில் இழுபட்டு நிற்கும் இயற்கை இறப்பர் விரைவில் வெடித்துவிடும். மலிவான பிளாஸ்டிக் பட்டிகளோ தம்முள் கலந்த மென்மையாக்கும் எண்ணெயை நாளடைவில் இழந்து, விறைத்துச் சுருங்கும். ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை இறப்பரின் முதன்மைச் சங்கிலியிலே இரட்டைப் பிணைப்பு இல்லை; வெயிலையும் ஓசோனையும் அது நீண்ட காலம் தாங்கும். வெளிக் கதவுக்கு அதையே கேட்டு வாங்குதல் நன்று. கதவுகள் ஒன்றையொன்று உரசிச் செல்லும் இடங்களில் பொருத்தப்படும் தூரிகைப் பட்டி, நெருக்கமான செயற்கை இழைகளால் ஆனது. நல்ல வகையில் இழைகளின் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடொன்று எழுந்து நிற்கும். காற்றைத் தடுப்பதில் அத்தகட்டின் பங்கு பெரிது.

பட்டி தேய்ந்ததா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கடுதாசித் துண்டைச் சட்டத்தில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். அதை இழுக்கும்போது தடையின்றி வருமாயின், அவ்விடத்துப் பட்டி பயனற்றதாயிற்று. காற்று வீசும் வேளையிலே ஊதுவத்தியொன்றைக் கொளுத்திக் கதவின் ஓரமாக மெல்லக் கொண்டு சென்றால், புகை எங்கே வளைகிறதோ அங்கே இடுக்கு உண்டு. புகை வளைந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் வேலைக்கு இருவர் வேண்டும். 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடி, சதுர மீற்றருக்கு 12.5 கிலோகிராம் எடையுள்ளது. ஆகவே மேலே கூறிய அளவுள்ள கதவின் கண்ணாடி மாத்திரமே ஏறக்குறைய 24 கிலோகிராம் இருக்கும். சிறுவரை அப்பால் அனுப்பிவிட்டு, காலணியும் கையுறையும் அணிந்து வேலையைத் தொடங்குங்கள். மேற்சட்டத்தில் கதவு கழன்று விழாதபடி பொருத்திய சிறு தடைக்கட்டை இருந்தால் அதை முதலில் அகற்றுக. பின்னர் இருவரும் கதவை நேராக மேலே உயர்த்தி, அடிப்பாகத்தைத் தம் பக்கமாக இழுத்து வெளியே எடுத்து, மெத்தை விரித்த தரையிலே சுவரோடு சாய்த்து வைத்தல் வேண்டும்.

பழைய பட்டியைத் தவாளிப்பிலிருந்து ஒரு முனையில் நெம்பி உருவுங்கள். அதில் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். அடிப்பாகத்தின் அகலமும் இழையின் உயரமும் ஒத்திருத்தல் இன்றியமையாதது. இழை குட்டையானால் காற்றைத் தடுக்காது. மிக உயர்ந்தால் கதவு இழுபடாது. நெடுநாள் நசுங்கிய பட்டியின் உயரத்தை அளந்து ஏமாறலாகாது. கதவின் மேல் மூலையில் உராய்வு படாத துண்டு இருந்தால் அதையே மாதிரியாகக் கொள்க.

புதிய பட்டியை இடுமுன், தவாளிப்பைப் பழைய பற்றூரிகையால் சுரண்டி, சவர்க்கார நீரால் கழுவி உலர்த்துங்கள். கடற்கரை ஊர்களில் உப்புப் படிந்து அலுமினியம் பொருக்கு வெடித்திருக்கும். அதையும் துடைத்தெடுத்தல் வேண்டும். இறப்பர்ப் பட்டியை ஒருபோதும் இழுத்துப் பொருத்தாதீர்கள். இழுபட்ட இறப்பர் சில வாரங்களில் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கும். மூலைகளில் இடைவெளி தோன்றும். மழை நுழைவதும் அம்மூலைகளிலேதான். ஆகவே சிறிது நீளமாக வெட்டி, தளர்வாகத் தள்ளித் தள்ளி இருத்துங்கள்.

கதவு கழன்றிருக்கும் வேளையிலே அதன் அடிச் சக்கரங்களையும் பார்த்துவிடுங்கள். சக்கரம் தேய்ந்தால் கதவு தாழும். மேலே இடைவெளி விழும். அப்போது புதிய பட்டியும் பயன் தராது. கதவை மீண்டும் மாட்டிய பின், பள்ளத்தில் ஒரு குவளை நீரை ஊற்றுங்கள். அது வெளித்துளைகளின் வழியே தடையின்றி ஓடிவிட வேண்டும். ஓடாவிட்டால் மண்ணும் எறும்புப் புற்றும் அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். சிலிக்கோன் பசைக்கு உரிய இடம், சட்டமும் சுவரும் சேரும் வெளி விளிம்பு மாத்திரமே. வினாகிரி மணம் வீசும் வகை சீமெந்துக்கும் சில உலோகங்களுக்கும் ஒவ்வாது. அமிலமற்ற வகையைக் கேட்டு வாங்குக.

பின்புறத்து மரக்கதவையும் மறத்தல் கூடாது. அதன் அடியில் ஓரங்குல இடைவெளி இருக்குமாயின், யாழ்ப்பாணத்தார் எட்டடி விரியன் என்று அழைக்கும் கட்டுவிரியன் நுழைவதற்கு அது போதும். இரவிலே திரியும் அப்பாம்பு, தரையிலே பாய் விரித்து உறங்குவோரைக் கடிப்பதுண்டு. கடிவாயில் வலியும் வீக்கமும் மிகக் குறைவாதலால், உறங்குபவர் அதனை உணராமலும் இருக்கலாம். நஞ்சோ நரம்புகளைத் தாக்கி மூச்சை நிறுத்த வல்லது. கடித்ததோ என்ற ஐயம் எழுந்தாலே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். கதவின் அடியில் அலுமினியத் தகட்டோடு கூடிய இறப்பர்ப் பட்டியொன்றைத் திருகாணியால் பொருத்திவிட்டால், அவ்வாபத்தின் ஒரு வாயிலை அடைத்தவராவோம்.

அடைக்கத் தகாத இடமும் உண்டு. விறகு அடுப்போ எரிவாயு அடுப்போ எரியும் சமையலறைக்குக் காற்றோட்டம் வேண்டும். அடைத்த அறையிலே கரியை மூட்டினாலும், மின்பிறப்பாக்கியை இயக்கினாலும், மணமற்ற காபனோரொட்சைட்டு வாயு நிறைந்து உயிரைப் பறிக்கும். புயற்காலத்தில் மின்சாரம் தடைப்படும்போது, இவ்வெச்சரிக்கை முன்னிலும் இன்றியமையாதது.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளையே பெயர்த்தெறிந்தது. அத்தகைய காற்றுக்கு முன்னால் ஓர் இறப்பர்ப் பட்டி எம்மாத்திரம்! ஆயினும் ஆண்டுதோறும் வரும் மாரியின் சாரலுக்கு அது போதிய காவல். வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோர் ஆவணி, புரட்டாசி மாதங்களிலே, வானம் வெளுத்திருக்கும்போதே, இவ்வேலையை முடித்துவிடுதல் நன்று. மட்டக்களப்பு ஆசிரியர் துளைகளிலிருந்த பசையைச் சுரண்டியெடுத்து, உட்புறத்து இறப்பரைப் புதிதாக மாற்றினார். அடுத்த மழையிரவில் அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு கதவருகே காத்திருந்தார். வெளியே அவ்விரு துளைகளின் வழியாகவும் நீர் சன்னமாக முற்றத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பேரப்பிள்ளைகள் உலர்ந்த பாயிலே உறங்கிக்கொண்டிருந்தார்கள்.