ஊசி போட்ட குழந்தைக்கும் தட்டம்மையா?

செவிலியர் பணி என்றதும் உங்கள் நினைவுக்கு வருபவை அன்பும் பொறுமையும். அவற்றோடு இன்னொன்றும் வேண்டும்: ‘நான் செய்வது பயன் தருகிறது என்பதற்குச் சான்று என்ன?’ என்று கேட்கும் பழக்கம். ஆராய்ச்சி முடிவுகளைத் தேடிப் படித்து, அவற்றைத் தம் அனுபவத்தோடும் நோயாளியின் நிலையோடும் பொருத்திப் பார்த்து முடிவெடுப்பதே சான்று வழிப்பட்ட செவிலியப் பணி. இது பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். கடலூர் மாவட்டக் கடற்கரையில் நடந்த ஒன்றைப் பாருங்கள்.

அலைக்குப் பின் அம்மை

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடலூர்த் தேவனாம்பட்டினத்திலும், தெற்கே சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பகுதியிலும் உள்ள மீனவர் ஊர்களை ஆழிப்பேரலை தாக்கியது. வீடிழந்தவர்கள் நெருக்கமாகத் தங்க நேர்ந்தது. அத்தகைய நெருக்கத்தில் தட்டம்மை விரைந்து பரவும் என்பது பல நாட்டு அகதி முகாம்களில் கண்ட உண்மை. எனவே டிசம்பர் 29 அன்றே, பாதிக்கப்பட்ட ஊர்களில் 6 முதல் 60 மாத வயதுடைய குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. மறுநாளே கடலூர் மாவட்டத்தில் சில குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டிருப்பதாகத் தகவல் வந்தது.

‘முகாம் நெருக்கடிதான் காரணம்’ என்று எவருக்கும் தோன்றும். ஆனால் நாட்களை எண்ணிப் பாருங்கள். தட்டம்மைக் கிருமி உடலில் புகுந்தபின் காய்ச்சல் வரச் சுமார் 10 நாட்களும், தடிப்பு தோன்றச் சுமார் 14 நாட்களும் ஆகும். அலை வந்து நான்கே நாட்கள்! அப்படியானால் அலைக்கு முன்பே கிருமி அங்கு உலவியிருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி இதைவிடக் கடினமானது. அக்காலத்தில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 95க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு தவணை ஊசி போடப்பட்டிருந்தது. பின் எப்படி நோய் வந்தது? ஊசி பயனற்றதா?

ஒரு சிறு கணக்கு

1,000 குழந்தைகள் உள்ள ஊர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். 960 குழந்தைகளுக்கு ஊசி போட்டாயிற்று. 40 பேர் விடுபட்டனர். ஒன்பதாம் மாதத்தில் போடும் ஊசி நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளுக்கே எதிர்ப்பாற்றல் தருகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் சில குழந்தைகளின் உடலில் அதுவரை எஞ்சியிருந்து ஊசி மருந்தைச் செயற்படவிடாமல் தடுப்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே ஊசி போட்டும் பயன் பெறாதவர்கள் 144 பேர்.

நோய் புகுந்து, பாதுகாப்பில்லாத 184 பேரையும் பற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 144 பேர், அதாவது நூற்றுக்கு 78 பேர், ஊசி போட்டவர்கள்! இதை மட்டும் பார்க்கும் தாய், ‘போட்டும் வந்துவிட்டதே, இனி எதற்கு?’ என்பாள். கிராம சுகாதார செவிலியர் என்ன விடை சொல்வார்?

நோயுற்றவர்களை மட்டும் எண்ணினால் போதாது; எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். ஊசி போட்ட 960 பேரில் 144 பேர், அதாவது நூற்றுக்கு 15. போடாத 40 பேரில் 40 பேரும், அதாவது நூற்றுக்கு நூறு. ஊசி காக்கிறது; ஆனால் ஒரு தவணை போதவில்லை. நோயாளி ஒருவர், எதிர்ப்பாற்றல் இல்லாதோர் நடுவே 12 முதல் 18 பேருக்கு நோயைத் தரவல்லவர். ஆகவே இச்சிறு குறையே பரவலுக்குப் போதுமானது.

ஆய்விலிருந்து அட்டைக்கு

கடலூர்ப் பரவலை ஆராய்ந்த அறிக்கை 2006இல் வெளியாயிற்று. ஒரு தவணை ஊசி மிகப் பெரும்பாலோருக்குப் போடப்பட்ட மக்களிடையிலும் தட்டம்மை பரவும் என்பதை அது காட்டியது. இந்தியா 2010இல் இரண்டாம் தவணையை அறிமுகப்படுத்தத் தொடங்கியது. இன்று 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்றும், 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொன்றும் போடப்படுகின்றன. முதல் ஊசி பலிக்காதவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டாவதால் காக்கப்படுகின்றனர்.

ஆயினும் சான்று தானாக வேலை செய்யாது. செவிலியரின் கையில்தான் அது செயலாகிறது. கரைத்த மருந்தை நான்கு மணி நேரத்துக்குமேல் பயன்படுத்தலாகாது என்பது விதி. நாலு குழந்தைகளுக்குப் போட்டபின் நேரம் கடந்துவிட்டால், மிச்ச மருந்தை வீணாக்க மனம் வராதுதான். ஆனால் கரைத்த மருந்து விரைவில் வீரியம் இழக்கும். அதில் கிருமிகள் வளர்ந்து உயிருக்கே தீங்காகலாம். காரணம் தெரிந்தவர் தயங்காமல் அதை ஒதுக்குவார். நோயாளியுடன் பழகிய குழந்தைக்கு மூன்று நாட்களுக்குள் ஊசி போட்டால் நோயைத் தடுக்கவோ தணிக்கவோ வாய்ப்புண்டு என்பதை அறிந்தவர், அடுத்த வார முகாமுக்குக் காத்திரார்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் செவிலியம் பயில்வோருக்கும், கடலூர்க் குப்பங்களில் வீடு வீடாகச் செல்வோருக்கும் வேண்டிய படிகள் இவையே: கேள்வியைத் தெளிவாக்குக, சான்றைத் தேடுக, அது நம்பத்தக்கதா என ஆராய்க, நம் ஊருக்குப் பொருந்துமா எனப் பார்க்க, செயல்படுக, விளைவை எண்ணிக் குறிக்க.

உங்கள் தெருவில் யாரேனும் ‘ஊசி போட்டும் வந்துவிட்டதே’ என்றால், ‘எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?’ என்று கேளுங்கள். பிறகு வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, இரண்டாம் தவணை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.