ஓர் அங்குலத்துக்குள் ஆறு வசந்தம்

மர நாற்காலியில் அமர்ந்து, மர மேசையில் முழங்கை ஊன்றி, மரக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உறங்குகிற நாம், மரத்தை ஒருநாளாவது ஏறிட்டுப் பார்த்திருப்போமா? பார்க்கத் தெரிந்த ஒருவன் இருக்கிறான். வீட்டுக் கொட்டகையில் தன் கையாலேயே சிறு விமானம் கட்டுகிறவன். நாளை தன் உயிரையே அந்தக் குச்சிகளிடம் ஒப்படைக்கப்போகிறவன் அல்லவா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்றொரு சிற்றூர். அங்கே பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் 1929-இல் ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைப் பூட்டித் தன் விமானத்தைப் பறக்கவிட்டார். ஏர் கேம்பர் என்று அதற்குப் பெயர். முன்னும் பின்னுமாக இருவர் அமரலாம். எஞ்சினுக்கு 40 குதிரைசக்தி. அதன் வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றும் பலர் கொட்டகைகளில் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூக்கிலிருந்து வால்வரை ஓடும் நான்கு நீளச் சட்டங்களே அதன் உடற்கூட்டுக்கு ஆதாரம். ஒவ்வொன்றும் ஓர் அங்குலச் சதுரம், அவ்வளவுதான். நம் வீட்டு ஜன்னல் சட்டமே இதைவிடத் தடிமன்.

அந்தச் சட்டம் சிட்கா ஸ்ப்ரூஸ் மரம். அலாஸ்காவிலிருந்து வடக்குக் கலிபோர்னியா வரை, பசிபிக் கடலோரத்து ஒடுங்கிய நிலப்பட்டையில், மழையையும் மூடுபனியையும் குடித்து, கடற்காற்றோடு மல்லாடி, 90 மீட்டருக்கும் மேலே ஓங்கி நிற்கக்கூடிய மரம். நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் தேக்கு இங்கே உதவாது. எடை அதிகம், எண்ணெய்ப்பசை உள்ளதால் பசையும் எளிதில் பிடிக்காது.

அந்த ஸ்ப்ரூஸ் மரத்துக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம். தலைமயிரைவிடச் சன்னமான குழல்கள், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில், கோடானுகோடியாக நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு குழலின் சுவரிலும் கயிறு முறுக்கியதுபோல நுண்ணிழைகள் சுற்றிச் செல்கின்றன. வேரின் நீரை உச்சிக்கு ஏற்றுவதும் இவையே, புயலில் மரத்தைத் தாங்குவதும் இவையே. உயிருள்ள செல்லாகப் பிறந்து, சுவரைக் கட்டி முடித்து, தான் இறந்து, உள்ளே வெறுமையாகி, அதன் பிறகே அந்தக் குழல் தன் வேலையைத் தொடங்குகிறது. உலர்ந்த ஸ்ப்ரூஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெற்றிடம். அந்த வெறுமைதான் விமானத்தைக் கனமில்லாமல் காக்கிறது.

ஓர் அங்குலத்துக்குக் குறைந்தது ஆறு ஆண்டு வளையங்களாவது இருக்க வேண்டும் என்பது விமான மரத்துக்கான விதி. ஆறு வசந்தங்களின் வெளிர்நிறமும் ஆறு கோடைகளின் கருவரியும் நம் பெருவிரல் அகலத்தில் அடங்கிக் கிடக்கின்றன! நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்றறிய ஒரு சொட்டுப் பேனா மையை அதன்மேல் விடுகிறார்கள். மை நாரின் வழியே மெல்லக் கசிந்து கோடிழுத்துக் காட்டும். பதினைந்து அங்குல நீளத்துக்குள் அந்தக் கோடு ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால் கட்டை தள்ளுபடி.

இன்னொரு சோதனையும் உண்டு. என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது அதுதான். சில கட்டைகளில் நாருக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு சுருக்கம் தெரியும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் அதுவும் கண்ணில் படும். அந்த மரம் என்றோ ஒரு புயலில் அளவுக்கு மீறி வளைந்திருக்கும்; அல்லது வெட்டுண்டு விழுந்தபோது மோதியிருக்கும். அப்போது நசுங்கிய நார்கள் மீண்டும் நேராவதில்லை. வெளியே வழவழவென்று இழைத்த அழகிய கட்டை. உள்ளே மறக்காத ஒரு காயம். நம்மிடையேயும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. நாம்தான் விளக்கைச் சாய்த்துப் பிடிப்பதில்லை.

தேறிய சட்டங்களை, மேசைமேல் முழு அளவில் வரைந்த கோட்டின்மீது படுக்கவைத்து, சிறு கட்டைகளை இருபுறமும் முட்டுக்கொடுத்து வளைக்கிறார்கள். முதலில் ஒரு பக்கச் சட்டகம். அதே கோட்டின்மீது மற்றொன்று, இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்திருப்பதற்காக. பிறகு இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் குறுக்குக் கட்டைகளால் கோத்து, வால்முனையை ஒன்றுசேர்த்தால், மீனின் எலும்புக்கூடு போல ஓர் உடல் எழுந்து நிற்கிறது. இணைப்புகள்தோறும் மெல்லிய பிளைவுட் துண்டு. அந்தக் காலத்தில் ஒட்டியது பால்புரதத்திலிருந்து செய்த கேசீன் பசை. பசுவின் பாலும் காட்டின் மரமும் கைகோத்து மனிதனை வானில் ஏற்றின. ஈரத்தில் அது பூஞ்சை பிடிக்கும் என்பதால் இப்போது பெரும்பாலும் எபாக்ஸி.

பசை கலக்கும்போதெல்லாம் சில துண்டுகளை ஒட்டிவைத்து, காய்ந்ததும் உடைத்துப் பார்க்கிறார்கள். பசை விட்டால் தோல்வி. பசை நிற்க, மரமே நார்நாராகக் கிழிய வேண்டும்.

பிறகு துணி போர்த்திவிடுவார்கள். அதற்குமுன் அனுபவமுள்ள ஒருவரை அழைத்து ஒவ்வொரு இணைப்பையும் விளக்குப் பிடித்துக் காட்டுவது வழக்கம். அவர் பார்த்துவிட்டுப் போனபின், மரத்தின் அந்த வரிகள் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.