மௌனத்துக்கு முன் கொஞ்சம் பேசுங்கள்

யாத்திரை என்றால் என்ன என்று திண்டுக்கல் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தை பிறந்ததும் நத்தம் சாலை வழியே பழனிக்கு நடக்கிற கூட்டத்தைப் பார்த்தே வளர்கிறார்கள். எந்த ஊர், என்ன வேண்டுதல், காலில் ஏன் செருப்பில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அதே தை மாதத்தில்தான் ஜனவரி 30-ம் வருகிறது. ஆனால் அன்று பள்ளியில் காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம், தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி, தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி, அடுத்து கணக்கு வகுப்பு. தியாகிகள் தினம் முடிந்தது.

எதற்காக நின்றோம் என்று ஒரு பிள்ளை கேட்டால், "காந்தித் தாத்தா செத்துப்போன நாள்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அவர் செத்துப்போகவில்லை, கொல்லப்பட்டார். 1948-ல் டெல்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில், மாலைப் பிரார்த்தனைக்கு நடந்துபோன 78 வயது மனிதரை நாதுராம் கோட்சே சுட்டான். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளக் கூடாது என்று அதே ஜனவரி 13 முதல் 18 வரை அவர் பட்டினி கிடந்திருந்தார். 20-ம் தேதி பிரார்த்தனைக் கூட்டத்துக்கு அருகே குண்டு வெடித்தது. அதற்கப்புறமும் கூட்டத்தை நிறுத்தவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். கொன்றவன் பெயரையும் சேர்த்தே சொல்லலாம். பேகம்பூர் முஸ்லிம் பிள்ளையும் நாகல் நகர் இந்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊரில் இதைப் பூசி மெழுகுவது நல்லதில்லை.

நாகல் நகருக்கு இதில் தனி உரிமையே உண்டு. இங்கே தலைமுறைகளாக வாழும் நெசவாளர் சமூகத்தின் பெயர் சௌராஷ்டிரா. காந்தி பிறந்த போர்பந்தர் இருப்பது அந்த சௌராஷ்டிரத்தில்தான். காந்தியின் துணிக் கதையும் நம் பக்கத்து ஊரில் நடந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான், ஏழை விவசாயியைப் போல முழங்காலளவு வேட்டிக்கு மாறினார். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு, அந்த ஒரு துண்டுத் துணியிலிருந்து காந்தியை ஆரம்பித்தால் கவனித்துக் கேட்கும்.

தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழிக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது, அதுவும் யாத்திரைக் கதைதான். எல்லோரையும் அனுமதிக்காத மீனாட்சி கோயிலுக்குள் நானும் வரமாட்டேன் என்று காந்தி மறுத்துவந்தார். 1939 ஜூலை 8-ல் கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் அங்கே ஆலயப் பிரவேசம் செய்தார். பிறகுதான், 1946 பிப்ரவரியில் காந்தி அங்கே போனார். பழனி மலைக்கும் வந்தார். பழனி பாதயாத்திரையை வருடாவருடம் பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு உறுதிமொழியைப் படிக்கச் சொன்னால், வாய் அசைவது வேறு மாதிரி இருக்கும்.

சொன்ன பிறகு கூட்டிக்கொண்டும் போக வேண்டும். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கியது. டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகளான சௌந்தரம், வசதியை விட்டு இந்தக் கிராமங்களுக்கு வந்து ஆஸ்பத்திரியும் பள்ளியும் நடத்தியவர். 1962-ல் திண்டுக்கல் எம்.பி.யாகி மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். நம் தொகுதி எம்.பி. என்று எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்கிறார்கள்?

கொஞ்சம் பெரிய பிள்ளைகளென்றால் மதுரை. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி இருக்கிறது. மூன்றாம் வகுப்புக் குழந்தையை நேரே அதன் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். அதற்கு ராட்டையும் கண்ணாடியும் போதும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். செல்ஃபி எடுத்துவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடிவரும் சுற்றுலாவாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

தலைமையாசிரியர்களே, இந்த ஜனவரி 30-ல் மௌனத்துக்கு முந்தைய ஒரு பாடவேளையை இதற்குக் கொடுங்கள். கூட்டிப்போவதும் பெரிய காரியமில்லை: திண்டுக்கல்லில் இருந்து மதுரை 65 கிலோமீட்டர்தான். அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.