இசை சிகிச்சை: பெற்றோருக்கும் அறைக்குள் இடம் வேண்டும்

ஆட்டிசம் உள்ள குழந்தையை இசை சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் பலருக்கு வெளியே ஒரு நாற்காலிதான் கிடைக்கிறது. குழந்தை சிகிச்சையாளரோடு உள்ளே போகும். அரை மணியோ முக்கால் மணியோ கழித்து, "இன்றைக்கு நன்றாக ஒத்துழைத்தான்" என்ற ஒரு வரியோடு திரும்பி வரும். பெற்றோர் அருகில் இருந்தால் கவனம் சிதறும், அடம் பிடிக்கும் என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். சில குழந்தைகளுக்கு, முதல் சில வாரங்களில், அது சரியாகவும் இருக்கலாம். அதையே நிரந்தர விதியாக்கினால் சிகிச்சையின் பலனில் பெரும்பகுதி அந்த அறையோடு நின்றுவிடும். இதுவரை வந்துள்ள ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் படுகிறது.

இசை சிகிச்சையைப் பாராட்டிப் பேசுபவர்கள் தாண்டிப் போக விரும்பும் ஆய்விலிருந்தே தொடங்குவோம். 2017-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வில், 9 நாடுகளில் 4 முதல் 7 வயது வரையிலான 364 குழந்தைகள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்போடு 5 மாதம் இசை சிகிச்சையும் தரப்பட்டது. மறு பிரிவினருக்கு இசை இல்லை. யாருக்கு எது தரப்பட்டது என்று அறியாத மதிப்பீட்டாளர்கள் அளந்து பார்த்ததில், ஆட்டிசத்தின் சமூக அறிகுறிகளில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏமாற்றமான முடிவுதான், மழுப்பத் தேவையில்லை. ஆனால், பெற்றோருக்கான ஆலோசனை இரு பிரிவுக்குமே தரப்பட்டிருந்தது. ஆகவே, பெற்றோரைச் சேர்த்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை. 26 ஆய்வுகளை, 1,165 பேரின் தரவுகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு சற்று நம்பிக்கை தருகிறது: ஒட்டுமொத்த முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் இருக்கக்கூடும் என்கிறது. பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் சிகிச்சை முடிந்த உடனே தெளிவான மாற்றம் தெரியவில்லை என்றும் சொல்கிறது. இசை பேச்சை வரவழைத்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

இந்தப் பின்னணியில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கிரேஸ் தாம்ப்சனும் சக ஆய்வாளர்களும் நடத்திய சிறு ஆய்வு முக்கியமாகிறது. 2014-இல் வெளியான அதில் தீவிர ஆட்டிசம் உள்ள, 3 முதல் 5 வயது வரையிலான 23 குழந்தைகள் இருந்தார்கள். சிகிச்சை பெற்ற பிரிவினருக்கு 16 வாரம் வீட்டிலேயே, பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு அமர்வுகள் நடந்தன. மொழித்திறன் கூடவில்லை. ஆனால் வீட்டிலும் வெளியிலும் பிறரோடு ஈடுபடுவது கூடியது. குழந்தையோடு உள்ள உறவே மாறியதாகப் பெற்றோர் சொன்னார்கள். இது எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் புரியும். குழந்தை மேஜையில் இரண்டு தட்டு தட்டுகிறது. சிகிச்சையாளர் அதே வேகத்தில், அதே அழுத்தத்தில், டிரம்மில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்துகிறார். பிறகு ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கிறார். குழந்தை திரும்பிப் பார்க்கிறது, மறுபடி தட்டுகிறது. அந்தக் காத்திருப்புதான் பெற்றோருக்கு மிகவும் கடினம். "தட்டு கண்ணா, தட்டு" என்று கையைப் பிடித்துத் தட்டவைக்கத்தான் மனம் துடிக்கும். பழகிய பாட்டின் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதும் இதே வகைதான். கூடவே உட்கார்ந்து செய்து பார்த்தவருக்கு இது கைவரும். அதற்குப் பிறகு குளிப்பாட்டும்போதும், சட்டை மாட்டும்போதும், ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போதும் அது நடக்கும். சுருதி சேரப் பாடத் தெரிய வேண்டியதில்லை.

பெற்றோர் பங்கெடுத்த சிகிச்சையைப் பெற்றோரே மதிப்பிட்டால் நல்லதாகத்தானே சொல்வார்கள் என்ற மறுப்பு நியாயமானது. மெல்பர்ன் ஆய்வு பெரிதும் பெற்றோர் சொன்னதையே சார்ந்தது. 23 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. இங்கே இசை சாராத ஓர் ஆய்வு உதவுகிறது. பெற்றோரைப் பயிற்றுவித்து, அவர்கள் வழியாகக் குழந்தைக்கு உதவும் 'பாக்ட்' என்ற முறை இங்கிலாந்தில் 152 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. 2010-இல் முதல் முடிவு வந்தபோது, பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதம் மேம்பட்டிருந்தது. ஆட்டிச அறிகுறிகளில் தெளிவான மாற்றம் இல்லை. ஏறக்குறைய 6 ஆண்டுகள் கழித்து, யார் எந்தப் பிரிவு என்று அறியாதவர்கள் மறுபடி அளந்தபோது அறிகுறிகள் குறைந்திருந்தது தெரிந்தது. பெற்றோர் வழியே போகும் பலன் தாமதமாக வெளிப்படலாம் என்பதற்கு இது வலுவான சான்று. இசைக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சில மாத முடிவை மட்டும் வைத்துக் கணக்கை முடிப்பதும் சரியல்ல.

இன்னொரு மறுப்பு வலி நிறைந்தது. பாசமற்ற தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற கொடுமையான கருத்தை 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் பரப்பியது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே அந்தக் கருத்தைச் சான்றுகளோடு மறுத்திருந்தார். இருந்தும் அதன் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. பெற்றோரும் பங்கெடுக்க வேண்டும் என்றால், முன்னேற்றம் இல்லாதபோது பழி தாய் மேல் விழாதா? ஏற்கெனவே ஸ்பீச் தெரபி, பள்ளி, சமையல் என்று ஓடுபவருக்கு இது இன்னொரு வீட்டுப்பாடம் ஆகாதா? ஆகும், தவறாகச் செய்தால். தினம் இத்தனை நிமிடம் பயிற்சி, நோட்டுப் புத்தகத்தில் டிக் என்று சிகிச்சையாளர் கேட்டால் மறுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அப்பாவும் தாத்தாவும் வராமல் தாயை மட்டும் எதிர்பார்ப்பதும் தவறு. பெற்றோர் சிகிச்சையாளராக மாற வேண்டியதில்லை. குழந்தையோடு விளையாடுவதற்கு ஒரு வழி அவர்களுக்குக் கிடைத்தால் போதும்.

நம் ஊரில் இதற்கெல்லாம் நிபுணர்கள் எங்கே என்று கேட்கலாம். பாக்ட் முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றி, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே 65 குடும்பங்களில் செய்து பார்த்தார்கள். பெற்றோர் ஈடுகொடுப்பதும், குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியதாக 2016-இல் முடிவு வந்தது. ஆகவே உங்கள் குழந்தையை எங்கே சேர்ப்பதானாலும், "நான் எப்போது உள்ளே வந்து சேர்ந்து வாசிக்கலாம், இந்த வாரம் வீட்டில் எதைச் செய்து பார்க்கலாம்?" என்று முதல் நாளே கேளுங்கள். "அதெல்லாம் எங்கள் வேலை" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.